புல்வெளியில் எழுதிவைத்த பெயர்கள்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் கால்கரி நகருக்குத் தென்மேற்கே ஓடும் 22ஆம் எண் நெடுஞ்சாலைக்குக் கௌபாய் டிரெயில் என்று பெயர். தெற்கு நோக்கிப் போனால் வலப்பக்கம் ராக்கி மலைகள் கூடவே வரும். இடப்பக்கம் மேடும் பள்ளமுமாகப் புல்வெளி தொடங்கும். அதுதான் பிரெய்ரி. இந்த மண்ணில் மாடு வளர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் குடும்பக் கதைகளை எப்படிக் காப்பாற்றிவருகிறார்கள் என்று பார்க்கவே போயிருந்தேன்.

இங்கே மாட்டுப் பண்ணைகள் வந்ததற்குக் காற்றும் புல்லும் காரணம். மலையைத் தாண்டி இறங்கும் ஷினூக் என்ற வெப்பக்காற்று கடுங்குளிர் காலத்திலும் சில மணி நேரத்தில் பனியை உருக்கிவிடும். அடியில் கிடக்கும் ஃபெஸ்க்யூ புல் காய்ந்தாலும் சத்துக் குறையாது. தீவனம் சேர்த்துவைக்காமலே ஆண்டு முழுவதும் மாடுகளை மேயவிடலாம் என்று அக்காலத்துப் பண்ணை முதலாளிகள் நம்பினார்கள். 1881இல் கனடா அரசு ஒரு குத்தகைத் திட்டம் கொண்டுவந்தது. ஒருவருக்கு 1,00,000 ஏக்கர் வரை, 21 ஆண்டுகளுக்கு, ஆண்டு வாடகை ஏக்கருக்கு ஒரு சென்ட். கிழக்கிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் பணம் வந்து குவிந்தது.

அப்படி 1882இல் தொடங்கியதுதான் லாங்வியூ ஊருக்குத் தெற்கே உள்ள பார் யூ பண்ணை. மான்ட்ரியாலின் கப்பல் முதலாளிகளான ஆலன் குடும்பம் பின்னால் நின்றது. ஃபிரெட் ஸ்டிம்சன் மேலாளராக இருந்து நடத்தினார். 1902இல் ஜார்ஜ் லேனும் 1927இல் பேட் பர்ன்ஸும் உரிமையாளரானார்கள். உச்சத்தில் சுமார் 30,000 மாடுகளும் 1,000 பெர்ஷெரோன் இனக் குதிரைகளும் இருந்ததாகச் சொல்கிறார்கள். 1950இல் பண்ணை துண்டுதுண்டாக விற்கப்பட்டது. மிஞ்சிய கட்டடங்களை 1991இல் பார்க்ஸ் கனடா என்ற அரசு அமைப்பு வாங்கி, 1995இல் தேசிய வரலாற்றுத் தலமாகத் திறந்தது.

பெகிஸ்கோ ஓடையை ஒட்டி மரக்கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. குதிரை லாயம், கொல்லன் பட்டறை, ஆட்கள் படுத்துறங்கிய கொட்டகை, சமையல் கூடம். எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்பது இந்தக் கட்டடங்களில்தான் தெரிகிறது. மலையடிவாரத்து ஸ்டோனி நகோடா மக்கள் இங்கே குதிரைகளைப் பழக்கினார்கள், புல் அறுத்தார்கள். சீனச் சமையல்காரர்கள் சமையல் கூடத்தைக் கவனித்தார்கள். முதலாளிகளின் பெயர்கள் குத்தகைப் பத்திரங்களிலும் செய்தித்தாள்களிலும் பத்திரமாக இருக்கின்றன. மற்றவர்களின் பெயர்கள் எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் வீடுகளில். அட்டைப்பெட்டிகளில், ஆல்பங்களில், பாட்டி சொல்லிப் பேத்தி கேட்ட கதைகளில்.

அப்படி ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார் அந்தப் பக்கத்துப் பண்ணையில் வாழும் ஓர் அம்மையார். எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய தாத்தா கூலியாளாக வந்து, பிறகு 10 டாலர் கட்டி அரசிடம் 160 ஏக்கர் பதிந்துகொண்டவர். அப்போதைய நிலச்சட்டம் அதைத்தான் கேட்டது: 10 டாலர் கட்டணம், வீடு கட்டிக் குடியிருத்தல், நிலத்தைத் திருத்துதல், மூன்று ஆண்டு. சமையலறை மேசையில் இரண்டு பெட்டிகளை வைத்தார். முதல் பெட்டியில் இருந்த ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலில் எழுத்து. யார், எந்த ஆண்டு, எந்த மேய்ச்சல் நிலம், குதிரையின் பெயர் என்ன. "எங்க அம்மா ஒரு குளிர்காலம் முழுக்கப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதினாங்க. அடுத்த வருஷம் பாட்டி இல்லை" என்றார்.

இரண்டாவது பெட்டியிலும் அதே அளவு படங்கள். தொப்பி போட்ட ஆண்கள், கன்றுக்குச் சூடு போடும் கூட்டம், பனியில் நிற்கும் ஒரு பெண், மடியில் குழந்தை. ஒன்றின் பின்னாலும் எழுத்தில்லை. அது தாத்தாவின் தம்பி வீட்டிலிருந்து வந்த பெட்டியாம். கேட்பதற்கு அந்த வீட்டில் யாரும் மிஞ்சவில்லை. "எல்லாரும் எங்க ரத்தம்தான். ஆனா ஒருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிட முடியலை" என்று மெதுவாகச் சொன்னார்.

பாட்டியின் நாட்குறிப்பையும் காட்டினார். பெரும்பாலும் ஒற்றை வரிகள்தான். காற்று, குளிர், விற்ற வெண்ணெய், பிறந்த கன்று, சாப்பிட வந்த ஆட்களின் எண்ணிக்கை. வாசிக்க வாசிக்க ஒரு பண்ணை உண்மையில் எதனால் பிழைத்தது என்று புரிந்தது. மாடு விலை சரிந்த ஆண்டுகளில் வெண்ணெயும் முட்டையும் அந்தக் குடும்பத்தை நிறுத்தியிருக்கின்றன. அதை நடத்திய பெண்ணுக்கு எந்தப் பத்திரத்திலும் இடமில்லை. கட்டு அவிழும் அந்த நோட்டுப் புத்தகம் ஒன்றே அவருக்குச் சாட்சி.

1906-07 குளிர்காலத்தைப் பற்றி இங்கே எந்த வீட்டில் கேட்டாலும் கதை உண்டு. அந்த ஆண்டு ஷினூக் காற்று கைவிட்டது. பனி இறுகிப் பாளமாகிப் புல்லை மூடியது. மாடுகள் கூட்டங்கூட்டமாகப் பட்டினியால் செத்தன. வேலியில்லாத பரந்த மேய்ச்சலை நம்பிய பெரும் பண்ணைகள் பல அதோடு மடிந்தன. பாடப்புத்தகத்தில் அது ஒரு பத்தி. குடும்பக் கதையிலோ வசந்தம் வந்ததும் ஓடைக்கரையில் கிடந்த எலும்புகளைப் பார்த்துத் தாத்தா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தது வரை இருக்கிறது.

அங்கிருந்து ஹை ரிவர் போனேன். 1960இல் அந்த ஊரின் முன்னோடிகள் சங்கம் வட்டாரத்துக் குடும்பங்களின் வரலாறுகளைத் திரட்டி ‘லீவ்ஸ் ஃப்ரம் த மெடிசின் ட்ரீ’ என்ற புத்தகமாக வெளியிட்டது. இப்படி ஊர் வரலாறு எழுதுவது பிரெய்ரி மாகாணங்களில் பெரிய இயக்கமாகவே நடந்தது. ஆல்பர்ட்டாவும் சஸ்காச்சுவனும் 1980இல் 75 ஆண்டு நிறைவைக் கொண்டாடியபோது பல சிற்றூர்களில் மக்கள் கூடித் தங்கள் ஊர்ப் புத்தகத்தை எழுதினார்கள். வீட்டுக்கு ஒரு கட்டுரை, அந்தந்தக் குடும்பமே எழுதியது. ஆசிரியர் குழுவில் பெரும்பாலும் பண்ணைப் பெண்களும் ஓய்வுபெற்ற ஆசிரியைகளும்.

அந்த உழைப்பின் மதிப்பு 2013 ஜூன் 20 அன்று தெரிந்தது. ஹைவுட் ஆறு பெருக்கெடுத்து ஊரையே மூழ்கடித்தது. மக்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். பழைய ரயில் நிலையத்தில் இயங்கிய ஹைவுட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பும் வெள்ளத்தில் சிக்கியது. வீடுகளின் நிலவறைகளில் இருந்த ஆல்பங்களும் சேற்றில் ஊறின. நனைந்த காகிதத்தையும் படத்தையும் உடனே உறையவைத்து, பிறகு பொறுமையாக உலர்த்தினால் பலவற்றை மீட்கலாம். ஒரே பிரதியாக இருந்து கரைந்து போனதை யாராலும் மீட்க முடியாது. அச்சேறிய கதைகளோ பல நூறு வீடுகளிலும் நூலகங்களிலும் இருந்தன. ஆற்றால் அவற்றைத் தொட முடியவில்லை.

பார் யூவோடு தொடர்புள்ள ஜான் வேர் என்பவரின் மரவீட்டைப் பார்க்கக் கிழக்கே நெடுந்தூரம் போக வேண்டும். அது இப்போது டைனோசர் மாகாணப் பூங்காவில் இருக்கிறது. அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற கறுப்பின மனிதர் அவர். 1882இல் பார் யூவின் முதல் மந்தையை ஓட்டிவந்த கூட்டத்தோடு ஆல்பர்ட்டா வந்தார். குதிரையேற்றத்தில் நிகரற்றவர் என்று பெயரெடுத்தார். நான்கு ஒன்பதுகளைத் தன் மாடுகளின் சூட்டுக்குறியாகக் கொண்டு சொந்தப் பண்ணை அமைத்தார். 1892இல் மில்ட்ரெட் லூயிஸை மணந்தார். 1905 வசந்தத்தில் மனைவி நோயில் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வளைக்கரடியின் வளையில் கால் சிக்கிக் குதிரை விழ, அடியில் அகப்பட்டு ஜானும் இறந்தார். பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார்கள்.

ஜானுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்கிறார்கள். அவரைப் பற்றிப் பரவிய கதைகளில் பல, அவருடைய பலத்தை மட்டும் வியந்து மனிதரை மறந்தவை. அவர் மகள் நெட்டி 1989இல் இறக்கும்வரை தன் பெற்றோரின் நினைவைக் காத்தார். ஆராய்ச்சியாளர்களிடம் பேசினார். கால்கரி எழுத்தாளர் செரில் ஃபோகோ பல ஆண்டுகள் தேடி 2020இல் ‘ஜான் வேர் ரீக்ளெய்ம்டு’ என்ற ஆவணப்படத்தைத் தந்தார். புராணமாகிப் போனவரைக் கணவராகவும் தகப்பனாகவும் மீட்டுத் தந்த வேலை அது. அந்தச் சிறிய வீட்டுக்குள் நின்றபோது, ஒரு மகளின் பிடிவாதம் எவ்வளவு பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பண்ணைக் குடும்பங்களின் நினைவு முழுமையாக வேண்டுமென்றால் அது 1882இல் தொடங்கக் கூடாது. 1877 செப்டம்பரில் பிளாக்ஃபுட் கிராசிங் என்ற ஆற்றுத்துறையில் பிளாக்ஃபுட் மக்களும் அண்டை இனத்தாரும் அரசோடு ஏழாவது உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். இரண்டொரு ஆண்டில் அவர்கள் வாழ்வுக்கு ஆதாரமான பைசன் மந்தைகள் அந்தப் புல்வெளியிலிருந்து மறைந்தன. காலியான அந்த மேய்ச்சலில்தான் குத்தகை மாடுகள் வந்து இறங்கின. பிளாக்ஃபுட் மக்களிடமும் நினைவுக் கலை இருந்தது. ஆண்டுக்கு ஒரு முக்கிய நிகழ்வைத் தேர்ந்து தோலில் சித்திரமாக வரைந்து, அதைப் பார்த்துக் கதை சொன்னார்கள். இன்று அந்த ஆற்றுத்துறையில் பிளாக்ஃபுட் மக்களில் ஒரு பிரிவினரான சிக்சிகா மக்கள் நடத்தும் வரலாற்றுப் பூங்கா இருக்கிறது. அதைப் பார்க்காமல் பார் யூவை மட்டும் பார்த்துத் திரும்புவது பாதிக் கதையோடு திரும்புவதாகும். பெட்டிகளைக் காட்டிய அந்த அம்மையாரின் ஊர்ப் புத்தகத்திலும் இந்தப் பாதி விடுபட்டிருந்தது. "மறுபதிப்புக்கு நாங்கள் அவர்களிடம்தான் முதலில் போய்க் கேட்கணும்" என்றார் அவர். அதுதான் சரி.

இந்தப் புல்வெளியில் காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு நினைவுக்குப் பின்னாலும் ஒருவர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார், ஒருவர் எழுதியிருக்கிறார், எழுதியதை இன்னொரு கைக்கும் கொடுத்திருக்கிறார். இதற்குப் பணமோ படிப்போ பெரிதாக வேண்டாம். படத்தின் பின்னால் எழுத மென்மையான பென்சில் போதும். பேனா மை படத்தில் ஊறிவிடும். பெயர், உறவு, ஊர், ஆண்டு. கதை சொல்பவரின் குரலைக் கைபேசியில் பதிந்து, இரண்டு வீடுகளிலாவது பிரதி வையுங்கள். நாட்குறிப்பு எத்தனை சாதாரணமாகத் தெரிந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் வீட்டிலும் பெயர் எழுதாத படங்கள் இருந்தால், அவற்றில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர் உயிரோடு இருக்கும்போதே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். இந்த வாரமே போங்கள்.