தாய்வீடு தேடி வரும் பறவைகள்

நாரையைத் தூது விட்ட சத்திமுத்தப் புலவரை அறியாத தமிழ் மாணவர் உண்டோ? வகுப்பில் அவர் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் புத்தகத்தை விட்டு என் தாய் பிறந்த ஊருக்குப் பறந்துவிடும். நெல்லை மாவட்டத்தில், மூலைக்கரைப்பட்டியை அடுத்த கூந்தன்குளம் அந்த ஊர். புலவர் கண்டது வானத்து நாரை. எங்கள் ஆச்சி நாள்தோறும் காண்பது வாசல் மரத்து நாரை.

இவ்வூர்க் குளத்தை அரசு 1994-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஏறத்தாழ 129 ஹெக்டேர் பரப்புள்ள இவ்விடம் உலகச் சிறப்புமிக்க ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்த செய்தியும் 2022-இல் வந்தது. ஆனால், பறவைகள் அரசாணையைப் படித்துவிட்டா வந்தன? அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே அவை வந்துகொண்டுதான் இருந்தன; ஊராரும் அவற்றைக் காத்துக்கொண்டுதான் இருந்தனர்.

மணிமுத்தாற்று அணையின் நீர் கால்வாய் வழியே வந்து குளம் நிரம்பிவிட்டால் ஊருக்கே களை வந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் வரித்தலை வாத்துகள் இமயத்தைக் கடந்து வந்து இந்நீரில் மிதக்கும். அவை குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பிவிடும் விருந்தினர், இங்கே முட்டையிடுவதில்லை. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் அப்படியல்ல. குடித்தனம் நடத்தவே அவை வருகின்றன. குளத்துக் கருவேல மரங்களில் இடம் போதாமல் ஊருக்குள் நுழைந்து, புளி, வேம்பு, அரசு என்று கண்ட மரத்திலெல்லாம் கூடு கட்டிவிடும்.

விலங்கியல் பயிலும் எனக்கு விடுமுறையில் ஆச்சி வீட்டுத் திண்ணையே ஆய்வுக்கூடம். பங்குனி வெயில் உச்சிக்கு ஏறும்போது தாய் நாரை சிறகுகளை விரித்துக்கொண்டு குஞ்சுகளுக்குக் குடையாக நிற்கும். கூழைக்கடாக் குஞ்சோ தாயின் அலகுப் பைக்குள் தலையையே நுழைத்து மீனைத் தேடி உண்ணும். பாடநூலில் ஒரு வரியில் முடிந்துபோகும் இவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பொழுது போவது தெரியாது.

பார்க்க வருபவர்களுக்கு இது அழகு. அங்கே வாழ்பவர்களுக்கோ இதில் தொல்லையும் உண்டு. வெயில் ஏற ஏற எச்சத்தின் நாற்றமும் மீன் நாற்றமும் மூக்கைத் துளைக்கும். மரத்தடியில் துணி காயப்போட முடியாது. முற்றத்தை நாளுக்கு இருமுறை கழுவ வேண்டும். தீபாவளியானாலும் திருமணமானாலும் வெடி வெடிப்பதில்லை. இத்தனைக்கும் ஈடாக ஊருக்குக் கிடைப்பது எச்சம் கலந்த உரமான தண்ணீரும் வண்டலும்தான். வயலுக்கு அது நல்லது என்று உழவர்கள் சொல்வார்கள்.

நான் பள்ளியில் படித்தபோது மாமாவுக்கு விவசாயக் கடன் கழுத்தை நெரித்தது. வாசல் புளியமரத்தை ஒரு வியாபாரி விலை பேசினார். மரம் முழுவதும் கூடுகள். கூடுகளில் இறகு முளைக்காத குஞ்சுகள். வியாபாரிக்கோ உடனே மரம் வேண்டும். சட்டம் வந்து தடுக்கும்வரை ஆச்சி காத்திருக்கவில்லை.

"ஏல, பேறுகாலத்துக்கு வந்த புள்ளய யாராவது வெளியே தள்ளுவாவளா? குஞ்சு பறக்கட்டும். பெறவு பேசுவோம்" என்றாள்.

வியாபாரி போய்விட்டார். அத்தையின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அத்தை ஒன்றும் சொல்லவில்லை; வெறுங்கையோடு முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாமா மட்டும் காலைதோறும் மரத்தை அண்ணாந்து பார்த்துத் திட்டிக்கொண்டே வயலுக்குப் போவார். வளையல்களை மீட்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டு ஆண்டுகளும் நாரைகள் தவறாமல் வந்தன.

பிறகு ஓர் ஆண்டு மழை பொய்த்தது. குளத்தின் நடுவிலே கொஞ்சம் தண்ணீர். சுற்றிலும் வெடித்த தரை. வயல்கள் தரிசாயின. புளியமரம் வெறுமையாக நின்றது. முற்றம் சுத்தமாக இருந்தது, நாற்றம் இல்லை, இரவில் நன்றாக உறங்கலாம். ஆனால் மாமா உறங்கவில்லை. மாலையானால் குளக்கரையில் போய் நிற்பார். "ஒண்ணையும் காணோமே" என்று ஆச்சியிடம் வந்து சொல்வார். அவர் தேடியது நீரையா நாரையையா என்று நான் கேட்டதில்லை. அவ்வூரில் இரண்டும் வேறு வேறல்ல. நீர் வந்தால் நெல்லும் வரும்; நாரையும் வரும்.

கல்லூரித் தோழர்களே! விடுமுறையில் கூந்தன்குளம் செல்லுங்கள். கூச்சலிடாமல், கல்லெறியாமல் பறவைகளைக் கண்டு மகிழுங்கள். எத்தனை வகைப் பறவைகள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அத்துடன், அம்மரங்களின் கீழே உள்ள வீடுகளையும் சற்றுப் பாருங்கள். உயிர்களிடத்தில் அன்பு வேண்டும் என்று மேடையில் பேசுவது எளிது. அந்த அன்புக்கு உரிய விலையைத் தம் முற்றத்திலும் வயலிலும் ஆண்டுதோறும் கொடுத்துவருபவர்கள் அவ்வீடுகளில்தான் இருக்கிறார்கள்.