அகம் புறமானபோது: மனநோயுற்ற மன்னரும் அரண்மனை மகளிரும்

தமிழ்ப் பொருளிலக்கணம் வாழ்வை அகம், புறம் எனப் பகுத்தது. அகத்திணை மாந்தர்க்குப் பெயர் சுட்டும் வழக்கம் இல்லை. புறத்திணை மாந்தர்க்குப் பெயரும் குடியும் ஊரும் உண்டு. அரசியின் வாழ்வு இவ்விரண்டுக்கும் இடையே அமைவது. மன்னரின் மனம் பிறழும்போது அவ்விரண்டையும் பிரிக்கும் எல்லை அழிந்துவிடுகிறது. பள்ளியறையில் நிகழ்வது அரசவைச் செய்தியாகிறது. மனைவியின் பணிவிடையும் விலகலும் ஒன்றுபோலவே சூழ்ச்சி எனப் பொருள்கொள்ளப்படுகின்றன. இவ்வாறு புறமாக்கப்பட்ட அகத்தை மீட்டுத் தருவதே இப்பொருள் பற்றிய வரலாற்றுப் புதினத்தின் தலையாய கடமை எனலாம். பிரான்சு மன்னர் ஆறாம் சார்லஸின் அரண்மனை இதற்குத் தக்க சான்றாகும்.

நோயின் வருகை

1385-இல் ஆமியான் நகரில் சார்லஸ், பவேரிய இளவரசி இசபோவை மணந்தார். மணமகனுக்கு அகவை 16; மணமகளுக்கு ஏறத்தாழ 15. ஏழாண்டுகள் கடந்து, 1392 ஆகஸ்டில் லெ மான் நகருக்கு அருகே படையுடன் சென்றுகொண்டிருந்த மன்னர், ஏவலன் ஒருவன் நழுவவிட்ட வேலின் ஓசை கேட்டு வெகுண்டு, தம் வீரர்கள் மீதே வாள் வீசினார், சிலர் மாண்டனர். அன்று தொடங்கிய நோய், இடையிடையே தெளிவு தந்து, 1422-இல் அவர் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் நீடித்தது. தம் உடல் கண்ணாடியால் ஆனது, யாரேனும் தொட்டால் நொறுங்கிவிடும் என்று அவர் அஞ்சியதைப் பின்னாளில் போப்பாண்டவர் இரண்டாம் பயஸ் எழுதிவைத்தார்.

அறியப்படாத மனைவி

நோய் மிகும் வேளைகளில் மன்னர் தம் மனைவியை அடையாளம் காணவில்லை. தமக்கு மனைவியோ மக்களோ இருப்பதையே மறுத்தார். இசபோவின் குலச்சின்னத்தைக் கண்ட இடத்தில் அழிக்க முற்பட்டார் என்று அக்காலச் செய்தி கூறுகிறது. நோய் தெளிந்தபோது அவரே மீண்டும் கணவரானார். இசபோ ஈன்ற மக்கள் பன்னிருவர். அவர்களுள் எழுவர் 1392 ஆகஸ்டுக்குப் பின் பிறந்தவர்கள். இந்த எண்ணிக்கையை வரலாற்று நூல்கள் அரசுரிமைப் பட்டியலாகவே தருகின்றன. தம்மை யார் என்று கேட்ட கணவரோடு, அவர் மீண்டும் தம்மை அறிந்துகொண்ட நாளில் வாழத் தொடங்கிய பெண்ணின் அச்சமும் நம்பிக்கையும் அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை.

மன்னர் மனம் மகிழ்ந்து அறிந்துகொண்ட பெண் ஒருவர் இருந்தார். அவர் மன்னரின் தம்பி லூயியின் மனைவி வலென்டினா விஸ்கோன்டி. நோயாளியைத் தணிவிக்க இயன்ற அந்த ஆற்றலே அவருக்குப் பகையாயிற்று. மிலான் நகரத்தவரான அவர் மன்னரைச் சூனியத்தால் கட்டிவிட்டார் என்ற அலர் எழுந்தது. 1396-இல் அவர் பாரிசை விட்டு நீங்கினார். மன்னரால் அறியப்படாத பெண் வஞ்சகி எனப்பட்டார். அறியப்பட்ட பெண் சூனியக்காரி எனப்பட்டார். எந்நிலையிலும் பழி பெண்ணையே சார்ந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

1407 நவம்பரில் இசபோவின் கடைசிக் குழந்தை பிறந்து உடனே இறந்தது. அத்துயரில் இருந்த அரசியைக் கண்டு திரும்பிய லூயி, 23-ஆம் நாள் இரவு பாரிசுத் தெருவில் கொலையுண்டார். பேறுகால அறைக்கு அவர் வந்ததும் பின்னாளில் கள்ளக்காதலுக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. இப்பழிக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று அண்மைக்கால வரலாற்றாய்வாளர்கள் காட்டியுள்ளனர். டிரேசி ஆடம்ஸின் 2010-ஆம் ஆண்டு நூல் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. 1405-இலேயே எழுத்தாளர் கிறிஸ்தீன் தெ பிசான், உட்பகையைத் தணிக்குமாறு அரசிக்கு மடல் எழுதினார். உடன்வாழ்ந்த பெண்ணொருவர் இசபோவைச் சந்து செய்விக்க வல்லவராகவே கண்டார் என்பது இதனால் புலனாகும்.

இரு புதினங்கள்

இசபோவைப் பற்றி மார்க்கி தெ சாத் 1813-இல் எழுதி முடித்த புதினம் 1953-இல்தான் அச்சேறியது. அதில் அரசி குற்றங்களின் உருவமாகவே வருகிறார். மன்னரின் நோய் அங்கு அவருடைய கொடுமைக்குக் கிடைத்த வாய்ப்பு மட்டுமே. அலரைச் சான்றாகக் கொண்டு எழுந்த புனைவு, அகத்தினுள் நுழையாமல் புறத்தில் நின்றே தீர்ப்பு வழங்கிவிடுகிறது.

டச்சு எழுத்தாளர் ஹெல்லா ஹாசேயின் 1949-ஆம் ஆண்டுப் புதினம் வேறு வழியில் செல்கிறது. அதன் தலைவர் வலென்டினாவின் மகனும் கவிஞருமான ஆர்லியான் சார்லஸ். ஆயினும் கதை போர்க்களத்தில் தொடங்கவில்லை; 1394 நவம்பரில், ஈன்ற தாய் படுத்திருக்கும் கட்டிலருகே தொடங்குகிறது. திருமுழுக்கின் ஆரவாரம் வெளியே. தாயின் தனிமை உள்ளே. இவ்வமைப்பே அகத்தை மீட்கும் முயற்சியாகிறது.

மகள்வழித் தொடர்ச்சி

சார்லஸ், இசபோ ஆகியோரின் மகள் கேத்தரின் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியை 1420-இல் மணந்தார். அவர் மகன் ஆறாம் ஹென்றி 1453 ஆகஸ்டில் பேச்சும் உணர்வும் அற்றவரானார். அவ்வாண்டு அக்டோபரில் பிறந்த தம் மகனைக் கொண்டுவந்து காட்டியபோதும் அவர் அறிந்துகொள்ளவில்லை. அரசி மார்கரெட் ஆட்சிப் பொறுப்பைக் கேட்டார். 1454-இல் அது யார்க் கோமகனுக்கு அளிக்கப்பட்டது. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் மார்கரெட்டை இரக்கமற்ற போர்ப்பெண்ணாக நிலைநிறுத்தின. மகனைத் தந்தை அறியாத அந்த நாளில் தாய் என்ன எண்ணினார் என்ற வினா புதினத்திற்கு உரியது.

நிறைவுரை

மனநோயுற்றவரைப் பேணும் பெண்ணை ஊர் இருவகையாக நோக்குகிறது: பொறுத்தால் தெய்வம், சலித்தால் கொடியவள். அரண்மனையில் அந்நோக்கு ஆவணமாகி வரலாறாயிற்று. எளிய இல்லங்களில் அது அண்டையார் பேச்சோடு நின்றுவிடுகிறது. இரண்டிலும் பேணுபவரின் களைப்பு பதிவாவதில்லை. இசபோவைக் குற்றமற்றவராக்குவதும் வலென்டினாவைத் தூயவராக்குவதும் புதினத்தின் வேலையல்ல. தீர்ப்பைச் சற்றே தள்ளிவைத்து, பெயர் சுட்டாத அகப்பாடலின் தலைவியைப் போல, அவர்களை ஓர் இரவேனும் துயருற்ற பெண்களாக மட்டும் வாழவிடுவதே அதன் வேலை.