பெயர்த்தெழுதிய நாள்

பழைய ஏட்டைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதி முடித்ததும், பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டுவிடும் வழக்கம் நம்மிடையே இருந்தது. பெயர்த்தெழுதாமலே விட்டவர்களும் உண்டு என்பதை உ.வே.சா. வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். சுவடியியல் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிவரும் இந்தச் செய்தி, ஒரு வழங்கிக் கணினியை மாற்றும் வேலையில் எங்களுக்கே பாடமாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்த்ததில்லை.

எங்கள் தந்தையார் தொடங்கிய சிறிய அச்சகம் புதுச்சேரியில், நேரு வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. எங்களில் இளையவர் அதை நடத்துகிறார். மூத்தவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். விடுமுறை நாட்களில் அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்துபவர். கணக்குகள், வாடிக்கையாளர் பாக்கிகள், திருமணப் பத்திரிகை முதல் கவிதைத் தொகுப்பு வரையிலான பக்க வடிவமைப்புகள் எல்லாம் மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்த வழங்கியில்தான் இருந்தன. தந்தையார் தம் இறுதி ஆண்டுகளில் தட்டச்சு செய்து, முடிக்காமல் விட்டுப்போன நினைவுக் குறிப்புகளும் அதில்தான் இருந்தன.

அதில் இயங்கியது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 அக்டோபர் 10ஆம் தேதியோடு நின்றுபோயின. அதே மாதம், ஒன்றின் படியாக மற்றொன்று இயங்கிவந்த இரண்டு வன்தட்டுகளில் ஒன்று செயலிழந்தது. நவம்பர் 12 தீபாவளி. நாட்காட்டி வேலைகள் குவிகிற பருவம். இரண்டு நாள் அச்சகம் நின்றால் வேலை வேறு கைக்குப் போய்விடும். அப்படிப் போன வாடிக்கையாளர் திரும்பி வருவது அரிது. ஆகவே மாற்றத்துக்கு நவம்பர் 1ஐத் தேர்ந்தோம். புதுச்சேரிக்கு அது விடுதலை நாள், விடுமுறை.

அந்த நாளின் பொருத்தம் பிறகுதான் உறைத்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி வாக்களித்த 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் நிறைவெய்தியது. இடைப்பட்ட ஏறத்தாழ எட்டாண்டுகளும், பழையது முற்றிலும் விலகாமல், புதியது முற்றிலும் நிலைபெறாமல், அலுவல்கள் மட்டும் நடந்துகொண்டிருந்த காலம். தந்தையாரின் குறிப்புகள் அந்தக் காலத்துச் சிறுவன் ஒருவனின் பார்வையில் எழுதப்பட்டவை.

வேலையை ஒரு பட்டியலில் தொடங்கினோம். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்தக் கணினி எதற்காக வழங்கியை நாடுகிறது என்று ஒரு வாரம் குறித்தோம். பின்னர், எதையும் தொடுமுன் தரவுகள் அனைத்தையும் ஒரு வெளித்தட்டில் படியெடுத்து, அது திறக்கிறதா என்று வேறொரு கணினியில் சோதித்தோம். புதிய இயந்திரத்தைப் பழையதன் அருகிலேயே வைத்து, இரவு நேரங்களில் கோப்புகளை அதற்கு மாற்றினோம். முதல் படி முடிய இரண்டு இரவுகள் ஆயின. அதன்பின் ஒவ்வோர் இரவும் அன்றைக்கு மாறியவற்றை மட்டும் சேர்த்தோம். பகலில் அச்சகம் வழக்கம்போல நடந்தது.

இதற்குப் பயன்பட்ட ரோபோகாப்பி என்னும் நிரலில் ஓர் ஆபத்து உண்டு. ஒன்றை அப்படியே மற்றொன்றாக்கும் கட்டளையைக் கொடுத்தால், மூலத்தில் இல்லாதவற்றை அது படியிலிருந்து அழித்துவிடும். திசையை மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்றுக் கணினி மூலமாகிவிடும், மூலம் வெறுமையாகிவிடும். கட்டளையைத் தாளில் எழுதிக்கொண்டு, ஒருவர் எழுத்தெழுத்தாகப் படிக்க மற்றவர் தட்டினார். சுவடி ஒப்புநோக்குபவர்கள் செய்ததும் இதைத்தான்.

நவம்பர் 1 அன்று எஞ்சியிருந்தது இருபது நிமிட வேலை. கணக்கு மென்பொருளின் உரிமத்தைப் பழைய வழங்கியிலிருந்து திருப்பி ஒப்படைத்தோம். அதன்பிறகே புதியது அதை ஏற்கும். பழையதை வலைப்பின்னலிலிருந்து விலக்கி, அதன் பெயரையும் முகவரி எண்ணையும் புதியதற்குச் சூட்டினோம். மற்றக் கணினிகளில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. கோப்புகளின் எண்ணிக்கை ஒத்தது. மொத்த அளவும் ஒத்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்து முதல் ரசீது அச்சாகி வந்தபோது, எங்களுக்குச் சிறிது கர்வம்கூட வந்தது.

பதினொரு மணிக்குப் பெரியவர் கூப்பிட்டார். ஈய எழுத்துக் காலத்திலிருந்து அச்சுக்கோத்தவர் அவர். நாட்காட்டியில் புதுச்சேரியைப் பற்றி ஒரு குறிப்புச் சேர்க்க, தந்தையாரின் கோப்பைத் திறந்திருந்தார்.

“தம்பி, அய்யா எழுதினது எல்லாம் பூச்சி பூச்சியாத் தெரியுதே.”

கோப்பில் ஓர் எழுத்தும் குறையவில்லை. ஆனால் அது ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துரு ஒன்றில் எழுதப்பட்டது. அவ்வகை எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் அமர்ந்திருக்கும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் அடுக்குமுறை. எழுத்துரு இல்லையேல் கோப்பு வெறும் குறிகளின் குவியல். அன்றாட வேலைக்கு நாங்கள் வேறு எழுத்துருக்களுக்கு மாறி நாளாகிவிட்டது. தந்தையார் வழங்கியின் முன்னாலேயே அமர்ந்து தட்டச்சு செய்தவர். அவருடைய எழுத்துரு அதில் மட்டும்தான் இருந்தது. அதுவும் தரவுகளோடு அல்ல, இயங்குதளத்தின் கோப்புறையில். எங்கள் பட்டியலில் அது இல்லை. ஆகவே வெளித்தட்டிலும் இல்லை.

புதியதை விற்றவர், பழையதை அன்றே எடுத்துக்கொண்டு விலையில் கொஞ்சம் கழிப்பதாகச் சொல்லியிருந்தார். எங்களிருவருக்கும் ஆசை இருந்தது. ஒரு மாதம் இருக்கட்டும் என்று அரை மனத்தோடுதான் வைத்திருந்தோம். இப்போது ஒற்றை வன்தட்டோடு அது உயிர்பெறுமா என்பதே கேள்வி. பொத்தானை அழுத்திவிட்டு, மாடிப்படியின் கீழே மூவரும் குனிந்து நின்ற அந்தச் சில நிமிடங்கள் நீண்டவை. திரை ஒளிர்ந்தது. எழுத்துருவைப் படியெடுத்துப் புதியதில் நிறுவினோம். பூச்சிகள் தமிழாயின. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

இந்நகரின் பிரெஞ்சு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் உள்ளன. புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுதியை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. மின்படிகள் எடுத்த பின்னும் அங்கே ஓலைகளைப் பேணுகிறார்கள். காரணத்தை வகுப்பில் சொல்லியிருக்கிறோம், வீட்டில்தான் மறந்துபோனோம். எண்ணிக்கை ஒத்துப்போவது ஒப்புநோக்கல் ஆகாது. ஒருவர் திறந்து படித்துப் பார்க்கவேண்டும்.

பிறகு அந்தக் குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்றினோம். பழைய முறையில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் வரும், ஒருங்குறியில் பின்னால். மாற்றும் நிரல் சில இடங்களில் தடுமாறியது. ஆகவே பழைய வடிவத்தை அச்சிட்டு, ஒருவர் படிக்க மற்றவர் திரையில் சரிபார்த்தோம். முடியப் பொங்கல் வந்துவிட்டது. பல ஆண்டுகளாக வைத்திருந்தும் அதுவரை முழுவதும் படித்திராத பக்கங்கள் அவை.

பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்வதற்குத் தந்த ஆறு மாதக் கெடுவுக்குள் என்ன முடிவெடுப்பது என்று, 1962இல் எங்கள் தாத்தாவும் அவருடைய தம்பியும் திண்ணையில் அமர்ந்து பேசிய இரவோடு குறிப்புகள் நிற்கின்றன. தாத்தாவின் தம்பி என்ன சொன்னார் என்பதற்கு முன்னால் வாக்கியம் அறுந்திருக்கிறது. அதை நாங்கள் முடிக்கவில்லை. அப்படியே படியெடுத்து வைத்திருக்கிறோம்.