பஞ்சிகாவத்தையில் ஒரு பிரேக் வேலை

புறக்கோட்டைப் பழைய சோனகத் தெருவின் ஆணிக்கடைகளையும் குழாய்க்கடைகளையும் கடந்து மருதானைப் பக்கம் நடந்தால் பஞ்சிகாவத்தை வந்துவிடும். நாட்டின் எந்த மூலையில் வாகனம் படுத்தாலும், ஏஜென்சியில் இல்லாத பாகத்துக்குக் கடைசியில் ஆள் இங்கேதான் வர வேண்டும். யப்பானில் கழித்துவிட்ட வாகனங்களிலிருந்து கழற்றிய எஞ்சின், கியர்பெட்டி, கதவு, விளக்கு என்று கூரை தொட அடுக்கியிருக்கிறார்கள். நான் பார்க்கப் போனது இந்தக் குவியலில் பலர் கவனிக்காத ஒரு வேலையை: பழைய மித்சுபிஷி மொண்டெரோ ஜீப்புக்கு, அதற்குப் பிந்திய மொடலின் முன் பிரேக்கைக் கழற்றி வந்து பொருத்துவது. ‘பிரேக்கைக்கூடவா பழசாக வாங்குவது?’ என்று கேட்பவர்களின் பயம் நியாயமானது. ஆனால் அது தவறான இடத்தில் விழுகிறது என்பதே என் கருத்து. இந்த வேலையில் பழைய இரும்பை நம்பலாம். இரும்புக்குள் இருக்கும் ரப்பரிலும், குழாயில் ஓடும் எண்ணெயிலும், இரண்டையும் கையாளும் ஆளின் கவனத்திலும்தான் உயிர் தொங்குகிறது.

இந்த வேலைக்கு இவ்வளவு கேள்வி ஏன் என்பது நம் அண்மைக்காலப் பொருளாதாரத்தைப் பார்த்தாலே விளங்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை நடுத்தர வருமானக்காரருக்கு எட்டவில்லை. ஆக, விற்றுவிட்டுப் புதிது வாங்கியிருக்க வேண்டியவர்கள் இருக்கிற ஜீப்பையே பிடித்து வைத்துக்கொண்டு, அதன் குறைகளை ஒவ்வொன்றாகத் தீர்க்கத் தொடங்கினார்கள். மொண்டெரோவின் மூன்றாம் தலைமுறை 1999இலும் நான்காம் தலைமுறை 2006இலும் வந்தவை. முந்தியதில் பரவலாகக் காணும் முன் டிஸ்கின் விட்டம் 290 மில்லிமீட்டர், பிந்தியதில் 332. இரண்டுக்கும் அடிக்கட்டுமானம் நெருங்கிய உறவு என்பதால் பேட்டை டிஸ்கில் அழுத்தும் பெரிய கலிப்பரைத் தாங்கும் போல்ட் துளைகள் பெரும்பாலும் பொருந்திவிடுகின்றன. டிஸ்குக்குப் பின்னால் உள்ள தூசித் தகட்டை வெட்டவோ மாற்றவோ வேண்டும். 16 அங்குல ரிம்முக்குள் பெரிய டிஸ்க் அடங்காது, 17 அங்குலம் தேவை. பிரேக் வாங்கப் போனவர் ரிம்மும் டயரும் வாங்கித் திரும்புவது இப்படித்தான்.

பெரிய டிஸ்க் போட்டால் வண்டி குறைந்த தூரத்தில் நிற்கும் என்று கடைகளில் சொல்லி விற்கிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. ஆரோக்கியமான பழைய பிரேக்கே ஒருமுறை அழுத்தினால் சில்லைப் பூட்டும் அளவுக்கு, அதாவது ஏபிஎஸ் குறுக்கிடும் அளவுக்கு, வலுவுள்ளது. அதற்கு மேல் வண்டியை நிறுத்துவது டயர் வீதியைப் பிடிக்கும் பிடிதான். அப்படியானால் இந்தச் செலவு வீணா என்றால், கொழும்புக்குள் மட்டும் ஓடுபவருக்கு ஏறக்குறைய வீண்தான். மலையிறங்குபவருக்குக் கணக்கு வேறு. இரண்டு தொன் ஜீப்பை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் பிரேக் விழுங்கும் ஆற்றல் ஏறத்தாழ 0.77 மெகாஜூல். அதே ஜீப் 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது சுமார் 1,350 மீட்டர் உயரத்தை இழக்கிறது. அந்த ஆற்றல் 26 மெகாஜூலுக்கு மேல், முப்பதுக்கும் அதிகமான அவசர நிறுத்தங்களுக்குச் சமம். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கியரைக் குறைக்காமல் காலை மிதியிலேயே வைத்து இறங்கும் ஓட்டுநரிடம் மீதியில் பெரும்பகுதி முன் டிஸ்க் இரண்டின் தலையில் விழுகிறது. அப்போது கனமான, அகலமான இரும்பு மெதுவாகச் சூடேறுகிறது, விரைவாக ஆறுகிறது. பேட் டிஸ்கைப் பிடிக்கும் இடம் அச்சிலிருந்து ஏறத்தாழ 2 சென்ரிமீட்டர் வெளியே தள்ளிப் போவதால் அதே பிடிப்புக்குக் குறைந்த அழுத்தம் போதுமாகிறது. பஞ்சிகாவத்தையில் விற்பது நிற்கும் தூரத்தை என்று நினைப்பவர் ஏமாறுவார். அங்கே விற்பனைக்கு இருப்பது சூட்டைத் தாங்கும் இரும்பு.

இனி இந்த இரும்பைக் கையாளும் ஆளைப் பற்றி. ஒரு நல்ல பாஸ், அதாவது மெக்கானிக், குவியலிலிருந்து கலிப்பரை எடுத்தால் முதலில் தேடுவது அதை வேண்டாம் என்று சொல்வதற்கான காரணத்தைத்தான். பிஸ்டனை வெளியே தள்ளி அதன் பளபளப்பான தோலில் நகத்தை ஓட்டுவார். ஒரு துரு முள் நகத்தில் தட்டினாலும் அந்தப் பிஸ்டன் புது ரப்பரைக் கிழித்துவிடும். யப்பானின் வடபகுதிகளில் பனிக்காலத்தில் வீதியில் உப்புத் தூவுவதால் வெளியே நன்றாகத் தெரியும் கலிப்பரும் உள்ளே அரித்திருக்கலாம். வெள்ளவத்தைக் கடற்காற்றில் நிறுத்தி வைத்த வண்டிக்கும் அதே கதிதான். பிறகு வழுக்கும் பின்கள். அவை இறுகியிருந்தால் பழைய பேட் ஒரு பக்கம் மட்டும் ஆப்பு வடிவில் தேய்ந்திருக்கும், அதைப் பார்த்தே அந்த வண்டியின் பராமரிப்பைப் படித்துவிடலாம். டிஸ்கில் நீலம் பாய்ந்த திட்டு, மயிரிழை வெடிப்பு, விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்பு ஆகியவற்றைப் பார்க்காமல் லேத்துக்கு அனுப்பினால், கடைந்து முடியும்போது டிஸ்க் எல்லைக்குக் கீழே போய்விடும். டிஸ்கை மட்டும் புதிதாக வாங்குவதே நல்லது என்று நான் பார்த்த திறமைசாலிகள் நினைக்கிறார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை.

நல்ல பாஸுக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாடு துலக்கமாகத் தெரிவது கழுவும் இடத்தில். கராஜில் எல்லாப் பாகமும் மண்ணெண்ணெயில்தான் குளிக்கும். ஆனால் பிரேக்கின் ரப்பர் வளையங்கள் மண்ணெண்ணெய் போன்ற கனிம எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துக் கெடும் வகை. அவற்றுக்கும் பிஸ்டன் துளைக்கும் பிரேக் ஒயிலோ அதற்கென்ற கிளீனரோதான் படலாம். மண்ணெண்ணெய்த் தட்டுக்குப் பக்கத்தில் தனித் தட்டு வைத்திருக்கிறாரா என்பதைப் பார்த்தே ஒரு பட்டறையை எடைபோட்டுவிடலாம். பூட்டும்போதும் கவனம் வேண்டும்: இடது கலிப்பரை வலதில் பூட்டினால் எயார் எடுக்கும் நிப்பிள் கீழ்ப்பக்கம் போய்விடும். காற்று மேலே தங்கி மிதி பஞ்சுபோல் அமிழும். எண்ணெயிலும் அதே கவனம் வேண்டும். டொட் 3 வகைப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது என்பது தரம். காற்றின் ஈரத்தைக் குடித்த பிறகு அந்த எல்லை 140 ஆக இறங்கிவிடும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு இது சின்ன விடயமல்ல. 332 மில்லிமீட்டர் டிஸ்கும் பழைய எண்ணெயும் சேர்ந்தால் கடுகண்ணாவைச் சரிவில் எண்ணெய் கொதித்து மிதி தரைவரை போகலாம்.

பாதுகாப்பு உறுப்பில் பழசு என்ற பேச்சே கூடாது என்பவர்களுக்கு என் பதில் இதுதான். கலிப்பரின் உடல் வார்ப்பு இரும்பு, அது தேயும் பொருளல்ல. கார் நிறுவனங்களே பழைய கலிப்பரைப் புதுப்பித்து விற்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. தேய்பவை ரப்பர், பேட், எண்ணெய், நெகிழ்குழாய். அவை நான்கும் புதிதாகவே வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. இன்னொரு ஆட்சேபம் கனமானது: முன்னால் மட்டும் வலுவைக் கூட்டினால் முன்–பின் சமநிலை மாறுகிறது, மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் எண்ணெயின் அளவு பெரிய பிஸ்டனுக்குப் போதாமல் மிதி ஆழமாகலாம். ஒரே வரிசை வாகனத்தின் அடுத்த தலைமுறைப் பாகத்தைத் தேர்வதன் காரணம் இந்த அபாயம் குறைவு என்பதே. வேறு நிறுவனத்தின் ஆறு பிஸ்டன் கலிப்பரை வெல்டிங் துண்டு வைத்துப் பூட்டும் பட்டறைகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது ஆபத்து, நிறுத்த வேண்டிய ஆபத்து. இங்கே விற்பது களவுப் பொருளாக இருக்குமோ என்ற சந்தேகத்தைப் பொறுத்தவரை, பற்றுச்சீட்டுத் தராத கடையில் வாங்காதிருப்பது வாங்குபவரின் கையில் இருக்கிறது.

இத்தனை நுணுக்கமும் தெரிந்த பாஸையும் ஒன்றும் தெரியாதவரையும் வாடிக்கையாளர் எப்படிப் பிரித்தறிவது? தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழில் முன்கற்றலை மதிப்பிடும் வழி இருக்கிறது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுக் கையால் கற்றவருக்கென்றே அமைந்த வழி அது. ஆனால் சான்றிதழ் இல்லாமலே வேலை குவியும்போது அதைத் தேடி யார் போவார்? அரசின் பக்கம் நிலைமை இன்னும் விநோதம். 2008 முதல் தனியார் காருக்கு வருடாந்த வரிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை வேண்டும். குழாயில் வரும் புகையை அளக்கிறார்கள், வண்டி நிற்குமா என்று அளப்பதில்லை. சில்லுகளை உருளைமேல் ஏற்றி ஒவ்வொன்றின் பிடிப்பையும் எண்ணாகக் காட்டும் இயந்திரம் உலகில் பழைய விடயம். புகை அளக்கும் அதே நிலையத்தில் அதையும் வைத்தால் கவனமான பாஸின் வேலை எண்ணில் தெரியும், வெல்டிங் வீரரின் வேலையும் தெரியும். பழைய பாகங்களைத் தடைசெய்ய யோசிப்பதைவிட, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இந்த ஒரு சோதனையைக் கட்டாயமாக்கட்டும்.