எத்தனையாவது?

இங்கிலீஷ் பெரிய சமுத்திரம் என்பார்கள். இருக்கட்டும். அந்தச் சமுத்திரத்தில் எத்தனை நாள் வலை வீசினாலும் 'எத்தனையாவது' என்ற ஒரு சின்ன மீன் மட்டும் அகப்படாது.

சந்தேகமிருந்தால் நேயர்களே முயன்று பார்க்கலாம். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1962-ல் ராஷ்டிரபதியானார். 'அவர் எத்தனையாவது ராஷ்டிரபதி?' என்பதை இங்கிலீஷில் கேளுங்கள். 'ஹௌ மெனி' என்று தொடங்கிவிட்டு அரை நிமிஷம் திண்டாடுவீர்கள். 'இரண்டாவது' என்று விடை சொல்ல அந்தப் பாஷையில் வார்த்தை உண்டு, கேட்கத்தான் இல்லை. ஜெர்மன்காரர்கள் இன்றைக்கு என்ன தேதி என்பதையே 'இன்று எத்தனையாவது?' என்கிற தோரணையில் விசாரிப்பார்கள். லத்தீனிலும் 'க்வோட்டஸ்' என்று அதற்கு ஒரு வார்த்தை இருந்தது. அந்த வமிசத்தில் இங்கிலீஷ்காரர்களிடம் வந்து சேர்ந்தது 'கோட்டா'. பங்கு போடத் தெரிந்தவர்கள்!

வரிசை எண்ணை வாக்கியத்தின் தலையில் தூக்கி வைப்பதென்றால் மட்டும் அவர்களுக்கு வெகு உற்சாகம். 'ஃபர்ஸ்ட் கேம் த எலிஃபண்ட்ஸ்' என்பார்கள். வினைச்சொல் முந்திக்கொள்ள, எழுவாய் பின்னால் அசைந்து அசைந்து வரும். யானைக்குப் பொருத்தம்தான்.

வருங்காலக் கேள்வியில் கதை வேறு. 'வில்' என்ற சேவகன் வாசலில் வந்து நிற்பான். வரிசை எண் கடைசியில் எங்கோ உட்கார்ந்திருக்கும். ஆனால் அது முதலாவதா, மூன்றாவதா என்பதைக் கேட்கிறவரே ஊகித்து வைத்துவிட வேண்டும். பதில் சொல்கிறவருக்கு ஆம், இல்லை என்ற இரண்டுதான் பாக்கி.

அந்த இரண்டும் போதாமற்போனது பம்பாயில், என் தங்கையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்ற அன்று. அவள் புருஷன் வெளியூர் போயிருந்தார். லேடி டாக்டருக்குத் தமிழ் தெரியாது. தங்கைக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் நான்.

"வில் திஸ் பீ ஹெர் ஃபர்ஸ்ட் சைல்ட்?" என்று டாக்டர் புன்னகையுடன் கேட்டார். பேனா 'எஸ்' என்று எழுதத் தயாராக இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் தங்கைக்கு ஒரு பெண் பிறந்தது. பதினொன்றாம் நாள் பெயர் வைத்தோம். பன்னிரண்டாம் நாள் குழந்தை இல்லை. பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. "தலைச்சன்தானே?" என்று யாராவது கேட்டால் அவள் மாமியார் "ஆமாம்" என்று சொல்லி மூடிவிடுவாள். தங்கையும் தலையைக் குனிந்துகொள்வாள்.

'முதல் குழந்தையா?' என்றுதான் நான் மொழிபெயர்த்திருக்க வேண்டும். அப்படிக் கேட்டால் அவள் பழக்கப்படி தலையாட்டிவிடுவாள் என்று தெரியும்.

"இது எத்தனையாவது குழந்தை என்று கேட்கிறார், அம்மா" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிறிது நேரம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இரண்டாவது, அண்ணா."

"செகண்ட்" என்றேன் டாக்டரிடம்.

அவர் முகம் மாறிற்று. நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரிக்க ஆரம்பித்தார். வலி எத்தனை மணி நேரம் இருந்தது, குழந்தை என்ன எடை, பால் குடித்ததா, ஜுரம் என்றைக்குக் கண்டது? ஒன்று விடாமல் தங்கை பதில் சொன்னாள். நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததைச் சொன்னாள். கடைசியில், யாரும் கேட்காமலே, குழந்தையின் பெயரையும் சொன்னாள்.