மண் கற்பித்த பாடம்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியர் வகுத்ததை ஆண்டுதோறும் வகுப்பறையில் விளக்கி வருகின்றோம். கரும்பலகையில் ஐந்திணைக்கும் அட்டவணை வரைந்து, நிலத்தையும் பொழுதையும் எதிரெதிரே எழுதி, மாணவரை மனப்பாடம் செய்யச் சொல்லியும் இருக்கின்றோம். ஆயினும் அவ்விரண்டையும் ஏன் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதை நாம் உணர்ந்தது நூலகத்தில் அன்று. விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசற்காட்டுச் சிற்றூர் ஒன்றில், பிளவு கண்ட ஒரு சுவரின் முன் நின்றபோதுதான். அதனை எழுதுவதற்குச் சற்றே நாணமாக இருக்கின்றது. எனினும் தொண்டுள்ளம் கொண்ட மாணவர்க்குப் பயன்படுமாயின், நாணத்தை விலக்கி வைத்தலே முறை.

2011ஆம் ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமுக்காக மாணவர் ஐம்பதின்மருடன் அவ்வூருக்குச் சென்றோம். திட்ட அலுவலர் பொறுப்பு அப்போது நம்மிடம் இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் மாலையில் அமர்ந்து படிக்க இடமில்லை என்றறிந்து, படிப்பக அறை ஒன்று எழுப்ப முடிவு செய்தோம். முகாமின் ஏழு நாள்களில் அடித்தளம் தோண்டிக் கல் அடுக்குவது. சுவரையும் கூரையையும் பின்னர் ஞாயிறுதோறும் சென்று முடிப்பது என்பது திட்டம். கொடையாளர் சிலர் சிமெண்டும் கம்பியும் தந்தனர். நாம் வாழ்வதோ கடலை ஒட்டிய மணற்பாங்கான ஊர். அங்கே இரண்டடி ஆழத்தில் அடித்தளம் இட்ட சிறு வீடுகள் தலைமுறை கடந்தும் நிற்கின்றன. உடன் வந்த கொத்தனாரும் நம் ஊரினரே. ஆகவே, கரிசலிலும் அதே இரண்டடியைத் தோண்டினோம்.

தோண்டிக்கொண்டிருக்கையில் மூதாட்டி ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். "கோடையிலே ஒரு கம்பை விட்டா உள்ளே போயிரும் ஐயா, அப்படி வெடிக்கிற மண்ணு இது. வடக்கே செவல்மேட்டுல கட்டுங்களேன்" என்றார். மேடு ஊரிலிருந்து சற்றுத் தொலைவு. நமக்கோ நாள் குறைவு. "பார்த்துக்கொள்கிறோம் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

இரண்டு மழைக்காலங்கள் கழிந்தன. 2013ஆம் ஆண்டுக் கோடையில் அவ்வூருக்குச் சென்றபோது, சன்னல் மூலையிலிருந்து கூரை வரை ஒரு விரிசல் சாய்வாக ஓடியிருந்தது. கதவு நிலையில் சிக்கி மூட மறுத்தது. பிள்ளைகள் அறையை விட்டு வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டிருந்தனர். ஊரார் எவரும் நம்மிடம் ஒரு சொல்லும் குறையாகக் கூறவில்லை. வற்புறுத்திக் கேட்டபோது முதியவர் ஒருவர், "தர்மமாக் கட்டிக் குடுத்ததை நாங்க எப்படி ஐயா குறை சொல்றது?" என்றார்.

அச்சொல் நம்மை அன்றிரவு உறங்கவிடவில்லை. விலை கொடுத்துக் கட்டுவோன் கேள்வி கேட்பான். இலவசமாகப் பெறுவோன் நன்றியுணர்வால் வாய் மூடிக்கொள்வான். ஆகவே, இலவசமாகக் கொடுப்போனே அக்கேள்விகளையும் தானே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவன் அல்லனோ?

பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரை நாடி நடந்ததைச் சொன்னோம். அவர் கேட்டது ஒரே வினா: "தம்பி, ஊராரிடம் இடம் கேட்டீர்கள், செல்வரிடம் பொருள் கேட்டீர்கள். மண்ணை ஏதேனும் கேட்டீர்களா?" பின்னர் அவரே விளக்கினார். கரிசலில் மாண்ட்மோரிலோனைட் எனும் களிமண் கனிமம் மிகுதி. அதன் நுண்ணிய தகடுகளுக்கிடையே நீர் புகும்போது மண் உப்பும். வற்றும்போது சுருங்கி வெடிக்கும். இவ்வசைவு எட்டாத ஆழத்துக்கு அடித்தளம் செல்லாவிடில், கட்டடம் மாரியில் மேலெழும், கோடையில் கீழிறங்கும். ஓரமும் நடுவும் ஒரே அளவில் அசையா ஆதலின் சுவர் பிளக்கும். கேட்டுக்கொண்டிருந்த நமக்கு நிலமும் பொழுதும் என்ற தொடர் புதிதாய் ஒலித்தது. நாம் நிலத்தை மட்டுமே, அதுவும் ஒரு பொழுதில் மட்டுமே பார்த்திருந்தோம்.

பழுதுபட்ட அறைக்கு மாற்றாக வேறோர் அறை எழுப்ப 2016ஆம் ஆண்டு மீண்டும் அவ்வூருக்குச் சென்றோம். இம்முறை பொறியாளரும் உடன் வந்தார். மண் பரிசோதனை என்றதும் உழவர் சிலர் மண்வள அட்டையுடன் வந்து நின்றனர். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் பயிருக்கான சத்துகளை அறிவது. அதற்கு மேல்மண்ணே வேண்டும். கட்டடம் எழுப்புவோனோ அம்மேல்மண்ணை அகற்றிவிட்டு, அடித்தளம் அமரும் ஆழத்து மண்ணையே ஆராய வேண்டும். உழவனுக்குப் பொன்னாவது கொத்தனுக்கு ஆகாது என்பதை இரு சாராரும் அன்று அறிந்துகொண்டோம்.

பழைய இடத்தருகே ஒன்றும் செவல்மேட்டில் ஒன்றுமாக ஆறடி ஆழத்தில் இரு குழிகள் தோண்டினோம். அடிக்கு அடி மண்ணின் நிறம், ஈரம், இறுக்கம் ஆகியவற்றை மாணவர் குறித்துக்கொண்டனர். இரு மண்ணையும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பியில் நீருடன் குலுக்கி வைத்தோம். மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் தங்கியது. வண்டல் சில மணி நேரத்தில் படிந்தது. கரிசலின் களியோ மறுநாளும் கலங்கலாகவே மிதந்தது.

அடுத்தது உப்பற் சோதனை. இஃது இந்தியத் தர விதிகளுள் 2720ஆம் எண் தொகுப்பின் 40ஆம் பகுதியில் கூறப்படுவது. உலர்த்திப் பொடித்து 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணைப் பத்துப் பத்துக் கிராமாக இரு அளவுச் சாடிகளில் இட்டு, ஒன்றில் நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி, ஒரு நாள் வைத்திருத்தல் வேண்டும். மண்ணெண்ணெயில் களி உப்புவதில்லை, நீரில் உப்பும். இரண்டுக்குமுள்ள வேற்றுமையே மண்ணின் குணத்தைக் காட்டிவிடும். வேதியியல் துறையில் சாடிகளை இரவல் பெற்றுச் சென்றிருந்தோம். மறுநாட் காலை, கரிசல் மண்ணெண்ணெயில் 11 எனும் கோட்டிலும் நீரில் 23 எனும் கோட்டிலும் நின்றது. செவல்மேட்டு மண்ணோ இரண்டிலும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்றது.

பார்த்துக்கொண்டிருந்த அதே மூதாட்டி சிரித்தார். "இதைத்தானே அன்னைக்கே சொன்னேன், இதுக்கு எதுக்கு ஐயா இத்தனை குப்பி?" என்றார். பொறியாளர் பணிவோடு விடையளித்தார்: "நீங்கள் சொன்னது மெய் அம்மா. எந்த அளவுக்கு மெய் என்பதை அறியத்தான் குப்பிகள்."

அறையைச் செவல்மேட்டில் எழுப்பினோம். பழைய அறையைப் பிரித்து, அதன் கற்களை மாணவர் வரிசையாக நின்று கைமாற்றி வண்டியில் ஏற்றினர். அக்கற்கள் இப்போது உறுதியான நிலத்தில் அமர்ந்துள்ளன. மேடு இல்லாத கரிசலூர்களில், அடியில் குமிழ்போல் விரிந்த தூண்களை ஆழத்தில் இறக்கிக் கட்டும் முறை உண்டு. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனம் வளர்த்தெடுத்தது அது. நீர்த்தொட்டி, மாடிக் கட்டடம் போன்ற பெரும் பணிகளுக்குக் குப்பிச் சோதனை போதாது. மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை ஆய்வுக்கூடத்தில் அறிந்தே தொடங்குதல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! தொண்டு செய்யப் புறப்படும்போது நல்லெண்ணம் நம்மிடம் இருக்கின்றது என்ற நிறைவே பல வேளைகளில் நம் கண்ணை மறைத்துவிடும். பிறர் தரும் பொருளும், ஊரார் வைக்கும் நம்பிக்கையும், உள்ளே அமரப்போகும் பிள்ளைகளின் உயிரும் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அமானிதத்தைப் பேணுவதற்கு அன்பு மட்டும் போதாது, அளவும் வேண்டும். செல்லும் ஊரின் மண்ணையும், அம்மண்ணில் வாழ்ந்து முதிர்ந்தோரையும் கேட்ட பின்னரே மண்வெட்டியை ஓங்குங்கள். வல்ல இறைவன் நம் நற்பணிகளை ஏற்றுக்கொள்வானாக!