அம்மாவைப் பார்க்க

ஞாயிறு காலைகளில் பலெர்மோத் தமிழர் பலர் மொந்தே பெல்லெகிரினோ மலை ஏறுவோம். மேலே குகைக் கோயிலில் சாந்தா ரொசாலியா இருக்கிறாள். 1624இல் வந்த கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவள் என்பார்கள். எங்கள் சனத்துக்கு அவளும் ஓர் அம்மன்தான்.

அந்த ஏற்றத்தில் வைத்துத்தான் அக்கா கேட்டார்.

"தம்பி, அம்மாவைப் பார்க்கிறதை ஏன் 2019இல விட்டனீங்கள் எண்டு அந்த மனிசி கேட்டவ. அம்மா 2021இலதானே செத்தவ எண்டு சொன்னன். அவவின்ர முகம் மாறிப்போச்சு. ஏன் அப்பிடிக் கேட்டவ?"

எனக்குக் கால் நகரவில்லை.

அக்கா இங்கே பல வருடமாகப் பதாந்தே. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. லண்டனில் தம்பி குடும்பம் இருக்கிறது. பிரெக்சிட்டுக்குப் பிறகு இத்தாலியக் கடவுச்சீட்டு இருந்தாலும் அங்கே வேலை செய்ய விசா வேண்டும். அதனால் ஒரு முதியோர் இல்லத்துக்கு விண்ணப்பித்தார். கடிதத்தைத் தானே ஆங்கிலத்தில் எழுதி, திருத்தச் சொல்லி என்னிடம் தந்தார். நான் இங்கிலாந்தில் முதுகலை படித்தவன், தினமும் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதிப் பிழைப்பவன்.

பிழைகள் இருந்தன. 'மேரிட் வித்' என்று எழுதியிருந்தார். அது இத்தாலியனின் 'கொன்'. ஆங்கிலத்தில் 'டு' வரவேண்டும். 'டிஸ்கஸ் எபவுட்' நம்முடைய 'பற்றி'. ஆங்கிலத்தில் அந்த வினைக்கு ஒட்டே வேண்டாம். 'டிபென்ட் ஃப்ரொம்' மறுபடி இத்தாலியன். மளமளவென்று வெட்டிக்கொண்டு போனேன். தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலே வைத்திருக்கிறார். அன்று மயங்கியது அக்கா அல்ல.

அடுத்த வரி: '2019இல் ஐ ஸ்டாப்ட் டு லுக் ஆஃப்டர் மை மதர்'. ஸ்டாப்புக்குப் பின் 'இங்' என்று கை தானாகவே திருத்தியது: 'ஸ்டாப்ட் லுக்கிங் ஆஃப்டர்'.

அக்கா எழுதியது, அம்மாவைப் பார்ப்பதற்காக வேலையை நிறுத்தினேன் என்று. நான் அனுப்பியது, அம்மாவைப் பார்ப்பதையே நிறுத்தினேன் என்று. இத்தாலியனில் இதற்கு ஸ்மெத்தெரே, ஃபெர்மார்சி என இரண்டு வினைகள் உண்டு. தமிழில் நிறுத்துவது வேறு, நிற்பது வேறு. ஆங்கிலம் ஒரே ஸ்டாப்பை வைத்துக்கொண்டு, பொருளை அடுத்த சொல்லின் வாலில் கட்டிவிடுகிறது. அக்காவின் வரியில் குறைந்தது ஒரு சொல்தான்: 'ஸ்டாப்ட் வேர்க்கிங் டு லுக் ஆஃப்டர்'. 'இங்', 'டு' இரண்டும் அந்த வரிக்குள் வேண்டியிருந்தன. லுக்கோடு 'ஆஃப்டர்' சேர்ப்பதா, 'அட்' சேர்ப்பதா என்பதில்கூட அவர் தவறவில்லை. தமிழில் எல்லாவற்றுக்கும் பார்ப்பதுதான்.

வேலையை விட்டு, யாழ்ப்பாணம் போய், இரண்டு வருடம் தாயின் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த மனிசி அவர்.

மலையிலேயே சொல்லிவிட்டேன். அக்கா திட்டவில்லை. குகைக்குள் மெழுகுதிரி கொளுத்தும்வரை பேசவுமில்லை.

அன்று மாலை அந்த இல்லத்துக்கு என் பெயரிலேயே கடிதம் எழுதினேன். அப்போலஜைஸ் என்ற சொல்லுக்கு ஆளிடம் 'டு', குற்றத்துக்கு 'ஃபோர்', அதன் பின் 'இங்'. மூன்று தடவை சரிபார்த்தேன். அனுப்பு முன் அக்கா திரையில் விரலை வைத்தார்.

"பொறும் தம்பி. ஒவ்வொரு சொல்லாச் சொல்லும். இதில 'டு' ஏன் வந்தது?"